பரிதாபகரமான மாப்பிள்ளை

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் கையில் ஊர் தன் மனுக்களைக் கொடுக்கக் கூடாது. எங்கள் ஊர் கொடுத்தது. நான் எழுதிய மனுக்களில் எல்லாமே ‘பரிதாபகரமான’தான். பரிதாபகரமான ரோடு, பரிதாபகரமான கண்மாய், ஒருமுறை பரிதாபகரமான காளைமாடு. பெரிய துயரத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டிய சொல்லைக் கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் கிள்ளிப் போட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில், குடிதண்ணீர்க் கிணறு கேட்டுக் குன்றாண்டார்கோவில் பிளாக் ஆபீசுக்கு ஒரு மனுப் போட்டேன். ‘பெண்கள் தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கும் பரிதாபகரமான நிலையால், இவ்வூருக்குப் பெண் கொடுப்பார் எவருமில்லை. வாலிபர்கள் பரிதாபகரமான பிரம்மச்சாரிகளாகக் காலந்தள்ளுகிறார்கள்.’ (ஊருணி அரை மைல்தான். மீதி ஒன்றரை மைல் என் கைவண்ணம்.)

சில மாதம் கழித்து, விராலிமலைப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நான்தான். பெண்ணின் அப்பா அதிரசத்தைக் கையில் எடுத்த நேரம், வாசலில் ஜீப் வந்து நின்றது.

“மனு எழுதுனது யாருங்க? நேர்ல விசாரிக்க வந்திருக்கேன்” என்றார் அதிகாரி.

ஊரே கூடிவிட்டது. அவர் வரிவரியாக உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் “உண்மைதானா?” என்று கேட்டார். கிணறு வரப்போகிற சந்தோஷத்தில் எல்லோரும் “உண்மைதாங்க!” என்றார்கள், பிரம்மச்சாரி வரிக்கும் சேர்த்து.

“அப்படி ஒருத்தரைக் காட்டுங்க.”

அத்தனை விரலும் என்னை நோக்கி நீண்டன. இல்லை என்றால் ஊருக்குக் கிணறு போகும், ஆமாம் என்றால் எனக்குப் பெண் போகும்.

“உண்மைதாங்க” என்றேன். அழுகை வந்துவிட்டது. அதிகாரி என் கண்ணீரையும் குறித்துக்கொண்டார்.

பெண்ணின் அப்பா அதிரசத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். “எம் மக ரெண்டு மைலு நடக்கவாங்க? கெணத்துல தண்ணி வரட்டும். பொறவு பேசுவோம்.”

அதிகாரி பக்கத்திலேயே நின்றதால், அரை மைல்தான் என்று என் அப்பாவால் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

கிணறு தோண்டப் பதினான்கு மாதம் ஆனது. தினமும் வேலையாட்களுக்கு மோர் சுமந்தவன் நான். நடுவில் பாறை தட்டியபோது ஊரில் சாப்பிடாமல் படுத்தவனும் நான் ஒருவன்தான். தண்ணீர் வந்த மாதமே கல்யாணமும் நடந்தது.

ஆனால் மனு விஷயம் முழுதும் என் மனைவிக்குத் தெரிந்துபோனது. போன வாரம் முதுகு பிடித்துக்கொண்டு உயிர் போகிற மாதிரி கத்தினேன். அடுப்படியிலிருந்து அவள் நகரவே இல்லை.

“வெறும் வலியா, பரிதாபகரமான வலியா? சரியாச் சொல்லுங்க. வெறும் வலின்னாத்தான் நெசம், ஓடியாருவேன்.”