கைக்கெட்டாக் கிளட்சை வென்ற காதை

வாழ்க அவள் இடது கை! வலது கையையும் வாழ்த்தலாம்தான். ஆனால் அது பிறந்ததிலிருந்தே பாராட்டு வாங்கிப் பழகிய கை, ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும். இடது கையே இக்காவியத்தின் தலைவி. இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் இணையற்ற அரசியாம் நம் நாயகி, நாற்காலியில் வந்தமரும் எத்தகைய தடித்த கரத்தையும் அந்த இடக்கை விரல்களால் மெல்லத் தடவி, தசையின் ஆழத்தில் ஒளிந்து கிடக்கும் நரம்பைக் கண்டெடுத்து, ஊசி ஏற்றி, குருதி கவர்ந்து, பஞ்சு வைத்து அழுத்திய பின்னரும், "எப்ப குத்துவீங்க?" என்று மாந்தர் கேட்கும் மாண்பு படைத்தவள். அத்தகைய கையைப் படைத்த இறைவன் விரல்களின் நீளத்தில் மட்டும் கொஞ்சம் சிக்கனம் பிடித்துவிட்டான். போகட்டும், அவனுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ!

இனி அவளது ஊர்தியைப் பாடுவோம். முன்னே குனிந்து, பின்னே நிமிர்ந்து, நிற்கும்போதே நூறில் போவதுபோல் தோற்றம் காட்டும் செந்நிறச் சீற்றம். ஸ்டாண்டில் சாய்ந்திருக்கையிலும் பக்கத்து வண்டிகளை இளக்காரமாகப் பார்க்கும் இறுமாப்பு. பந்தய ரக பைக். நெட்டையான மனிதர் ஒருவர் சில காலம் ஓட்டிவிட்டு அதை விற்க வந்தபோது, "வாங்கினா இதத்தான் வாங்குவேன்" என்று ஒற்றைக்காலில் நின்று, வீட்டார் அனைவரின் வாயையும் அடைத்து வாங்கியவள் அவள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கிளட்ச் லிவர் கைப்பிடியை விட்டு எட்டாத தொலைவில் நிற்கிறதென்று. அவளது விரல்நுனிகள் இரண்டு மட்டும் அதைத் தொட்டு, தொங்கி, கெஞ்சிக்கொண்டிருந்தன.

பகைவனைச் சொல்லாமல் படை நடத்த முடியாது. அவள் குடியிருந்த அடுக்ககத்தின் அடித்தளத்தில்தான் வண்டிகள் நிறுத்துமிடம். அங்கிருந்து வெளியேற ஒரே வழி, சுவரை உரசி வளைந்து, செங்குத்தாக எழும்பி, உச்சியில் ஒரு வேகத்தடையையும் சுமந்து நிற்கும் சிமெண்ட் மேடு. எந்தப் பொறியாளன் யார் மேல் இருந்த கோபத்தில் அதைக் கட்டினானோ, தெரியாது. நாள்தோறும் காலையில் நம் நாயகி இடியென முழங்கிப் புறப்படுவாள். மேட்டின் பாதியில் விரல்நுனி வழுக்கும். கிளட்ச் சடக்கென்று விடுபடும். அந்த மாபெரும் முழக்கம் ஒரே விக்கலில் நின்றுபோகும். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கும். அதெல்லாம் அவளுக்குத் தூசு. தாங்க முடியாதது மேலேயிருந்து வரும். இரண்டாம் மாடிப் பால்கனியில் டீ டம்ளரோடு எழுந்தருளியிருக்கும் கூடப்பிறந்த அண்ணனின் திருவாக்கு அது.

"பாப்பா, கிளட்ச்ச மெதுவா விடு!"

கல்யாணமாகி, அதே கட்டடத்தின் முதல் மாடியில் தனிக்குடித்தனம் நடத்தி, பரிசோதனைக் கூடத்தில் தனக்குக் கீழே நாலு பேரை வேலை வாங்கும் ஒருத்தியை, அடுக்ககம் முழுதும் கேட்கும்படி "பாப்பா" என்றழைப்பது எந்த ஊர்ப் போர் அறம்? கேட்பாரில்லை.

ஒரு நாள் அந்த மேடு வரம்பு மீறியது. வண்டி நின்றதோடு நில்லாமல் சாய்ந்தது. சாய்ந்ததோடு நில்லாமல் விழுந்தது. இடப்பக்கக் கண்ணாடி சுக்குநூறானது. காவலாளியும் ஒரு கார்க்காரரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றாள். உள்ளே அழுதுகொண்டிருந்தாள், அதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான். அன்று மாலை அண்ணன் வீட்டுக் கூடத்தில் பேரவை கூடியது. அம்மா, அண்ணி, மூலையில் நம் நாயகியின் கணவர். நடுநாயகமாக எழுந்து நின்று அண்ணன் பிரகடனம் செய்தான்.

"இங்க பாரு பாப்பா. வர்ற ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாடியும் அந்த மேட்ட ஒரே ஒரு தடவ ஆஃப் ஆகாம ஏறிக் காட்டு. ஏறிட்டா நான் வாயே திறக்கல. இல்லன்னா வண்டி எனக்கு, என் ஸ்கூட்டர் உனக்கு."

அக்கறைதான் பேசுகிறது என்று அவையினர் நம்பினர். ஆனால் வண்டி வந்த நாள்முதல் தினமும் கீழே இறங்கி, யாரும் பார்க்காதபோது அதன் டேங்கைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகிறவன் அவன் என்பது அவளுக்குத் தெரியும். அவனது ஸ்கூட்டரையும் தெரியும்: முன்னால் காய்கறிக் கூடை, பின்னால் குழந்தை உட்காரும் கம்பி நாற்காலி. அந்தக் கூடையில் கீரைக்கட்டு ஆட ஆடத் தான் போகும் காட்சி மனத்தில் தோன்ற, அவள் கொதித்தெழுந்தாள்.

"ஏறுறேண்ணே. ஏறிட்டேன்னா பால்கனியில நின்னு டீ மட்டும் குடிக்கணும். கிளட்ச்சப் பத்தி ஒரு வார்த்த வரக்கூடாது!"

சூளுரை கேட்டுச் சுவர்க்கடிகாரமும் ஒருகணம் நின்றிருக்கும். "ரெண்டு பேரும் மொதல்ல கை கழுவிட்டு சாப்பிட வாங்க" என்றார் அம்மா. அவை கலைந்தது.

வண்டியில் எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்பது முடிவாயிற்று. எதை மாற்றுவது என்பதில்தான் மூவுலகும் முட்டிக்கொண்டது. பரிசோதனைக் கூடத்து வரவேற்புப் பெண், "சைலன்சர மாத்துங்கக்கா, சத்தம் வந்தா தைரியம் தானா வரும்" என்று அருள்வாக்குச் சொன்னாள். பந்தய பைக் ஓட்டுவோரின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கு, ஒருவர் சீட்டைச் செதுக்கச் சொன்னார். ஒருவர் பின் ஷாக் அப்சார்பரைத் தாழ்த்தச் சொன்னார். இன்னொருவர் சம்பந்தமே இல்லாமல் தன் வண்டியின் படத்தை அனுப்பினார், அதற்குத்தான் நிறைய இதயங்கள் விழுந்தன. கணவரோ அந்த வண்டியின் பின்னால், தபால்தலை அகலமே ஆன பீடத்தில், மனைவி மேல் வைத்த நம்பிக்கை ஒன்றையே பிடிமானமாகக் கொண்டு பயணம் செய்யும் உத்தமர். "பின்னாடி பிடிச்சுக்க ஒரு கம்பி போட்டா நல்லாருக்கும்மா" என்று மெல்ல ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம், வேலை முடிந்த கையோடு, எல்லார் யோசனையையும் ஒதுக்கி, லிவரையே மாற்றுவதென்று உறுதிபூண்டு, உதிரிபாகக் கடையின் படியை மிதித்தாள். அடடா, அக்கடையின் சீரை என்னென்பது! சுவரெங்கும் அணிவகுத்து நின்றன அலங்காரப் படைகள்: காற்றைப் பிளப்போம் எனக் கண்ணாடி விரித்த முன்மறைப்புகள், விழுந்தாலும் விடமாட்டோம் எனத் துருத்தி நின்ற காப்புக் கம்பிகள், டேங்கின் மார்பில் ஒட்டிக்கொள்ளத் தவங்கிடந்த ரப்பர் கவசங்கள், எதற்கென்று கடைக்காரருக்கே தெரியாத நீலநிறத் திருகாணிகள். இவற்றின் நடுவே, தனி விளக்கின் கீழ், கரும்பளபளப்போடு வீற்றிருந்தது சைலன்சர். அவள் அதைக் கண்டாள். அது அவளைக் கண்டது. இந்த மாதம் ஒரு பொருள்தான் என்று படியேறும் முன்னரே தனக்குத்தானே கறாராகச் சொல்லிவைத்திருந்தவள், லிவர் வாங்க வந்ததையே மறந்து அதைத் தூக்கி, குழந்தையைப் போல் மடியில் கிடத்தினாள்.

"மாட்டிட்டீங்கன்னா, நீங்க தெருமுனை திரும்பும்போதே வீட்ல தெரிஞ்சுடும் மேடம்!" என்று முழங்கினார் கடைக்காரர்.

அண்ணனின் பால்கனி நடுங்குவதையும், டீ தளும்புவதையும் அவள் அகக்கண்ணில் கண்டாள். "இதையே குடுத்துடுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நொடியில்தான், வரும் வழியெல்லாம் கிளட்சைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போயிருந்த இடது கை, இதற்கு மேல் என்னால் முடியாதம்மா என்று பிடியை விட்டது. சைலன்சர் சரிந்து கல்லாமேசை மேல் தடாலென்று விழுந்தது. கடை அதிர்ந்தது. தலைவியாம் இடக்கை தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள், நாயகி தலைவணங்கினாள். நல்ல புத்தி வருவதற்கு நேரம் காலம் கிடையாது.

"குட்டைக் கைக்கு ஏத்த லிவர் இருக்கா?"

"கிளட்சுக்கும் பிரேக்குக்கும் சேத்து ஒரே ஒரு ஜோடிதான் மேடம் மிச்சம். கோல்டு கலர். இங்க ஒரு சின்ன திருகு இருக்கு பாருங்க, ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும். திருகத் திருக லிவர் கிட்ட வந்துடும்" என்று பெட்டியைத் திறந்து காட்டினார் அவர்.

அவள் கை பெட்டியின் ஒரு முனையைப் பற்றியது. மறுமுனையை இன்னொரு கை பற்றியது. நிமிர்ந்தாள். எதிரே நின்றான் ஒரு புயபல பராக்கிரமன். சட்டைக் கையைக் கிழிக்கப் பார்க்கும் தோள், ஜிம்மில் நெய்யூற்றி வளர்த்ததுபோன்ற முன்னங்கை. வாசலில் அவனது தோழர் இருவர், நடப்பதைப் படம்பிடிக்கக் கைபேசியோடு தயாராக நின்றனர்.

"அக்கா, என் வீலு கோல்டு. இது அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. நீங்க வேற ஏதாவது பாத்துக்கோங்களேன்."

"தம்பி, உங்களுக்கு அது அழகு. எனக்கு அதுதான் வண்டியே. விடுங்க."

அவன் விடவில்லை. இழுத்தான், இழுத்தாள். கடைக்காரர், ஜோடியைப் பிரித்து விற்பதில்லை என்று நடுநிலை காத்தார். பெட்டி அவன் பக்கம் நகர்ந்தது. அவளது விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின. நாளைய மேடு, காய்கறிக் கூடை, "பாப்பா" என்னும் அந்தக் குரல் எல்லாம் ஒரு சேர வந்து நினைவில் மோதின. தோற்றுவிடுவோம் என்றே நினைத்தாள். பழக்க தோஷத்தால் அவள் கண் அந்த முன்னங்கையில் விழுந்தது. முகங்களை அவள் மறந்துவிடுவாள். கைகளை மறந்ததே கிடையாது. ஆகா, எத்துணை எடுப்பான நரம்பு! இந்த நரம்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!

"தம்பி, போன மாசம் வெறும் வயித்துல சுகர் டெஸ்ட்டுக்கு வந்தீங்கல்ல? ஊசி உறையக்கூட நான் இன்னும் பிரிக்கல, அதுக்குள்ள நீங்க நாற்காலியிலேருந்து அப்படியே..."

பராக்கிரமனின் முகம் வெளிறியது. வாசலைத் திரும்பிப் பார்த்தான். தோழர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தனர். "எடுத்துக்கோங்கக்கா" என்றான் ஈனக்குரலில்.

"அப்புறம் ரெண்டு பேரு பிடிச்சு பெஞ்சுல..."

"அக்கா, கும்பிடுறேன், எடுத்துக்கோங்கக்கா!"

பெட்டி கைமாறியது. "யாருடா அது?" என்று தோழர் வினவ, "தெரிஞ்ச அக்காடா, விட்டுக் குடுத்தேன்" என்று அவன் அறிவித்தது அவள் காதில் விழுந்தது. பெருந்தன்மையோடு அவள் அதை மறுக்கவில்லை.

அன்று மாலை கணவர் கைபேசி வெளிச்சம் பிடிக்க, அவளே ஸ்பேனர் எடுத்துப் பழைய லிவரைக் கழற்றிப் புதியதைப் பூட்டினாள். ஞாயிறு பிறந்தது. பால்கனியில் அண்ணனும் டம்ளரும். அருகே அம்மாவும் அண்ணியும். மேட்டின் உச்சியில், வேகத்தடைக்குப் பக்கத்தில், கைகளைப் பிசைந்தபடி கணவர். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்தச் சிவப்பு வண்டியை இழந்தால் வாழ்நாளெல்லாம் அதை அண்ணன் ஓட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட அந்த மேட்டை இடித்துவிடலாம் என்றிருந்தது. எஞ்சின் உயிர்த்தது. இடக்கையின் நான்கு விரல்களும், நுனி மட்டுமன்றிக் கணு மடிய, பொன்னிற லிவரைச் சுற்றி வளைத்துப் பிடிக்க, சக்கரம் உருள, சுவர் விலக, வளைவு வழிவிட, பாதி மேடு காலடியில் பணிய, வழக்கமாக விக்கல் எடுக்கும் அவ்விடத்தில் விரல்கள் தேனொழுகுவதுபோல் மெல்ல மெல்ல விரிய, செந்நிறச் சீற்றம் உறுமி எழுந்து வேகத்தடையை ஒரே தாவலில் கடந்து வெயிலில் போய் நின்றது.

"ஏறிட்டா! ஏறிட்டா பாருங்க!" என்று கத்தியது அண்ணி. அண்ணன் வாயைத் திறந்தான். ஒப்பந்தம் நினைவுக்கு வர, டம்ளரை வைத்து அடைத்துக்கொண்டான். கீழே வந்து ஒருமுறை, கடைசி முறையாக, டேங்கைத் தடவினான். "நல்லா ஓட்டுற" என்றான். பாப்பா என்று சொல்லவில்லை. வண்டி தன்னுடையது என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

எல்லாரும் மேலே போன பிறகு, வெற்றிவீராங்கனை அடித்தளத்தில் அமர்ந்து, வென்றடக்கிய பழைய லிவரைப் புதிய பெட்டிக்குள் வைத்து மூட எடுத்தாள். லிவரின் மூட்டருகே கெட்டிப்பட்டிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தாள். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் தெரிந்தன. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. பெட்டியை மூடி, டேப்பை இரண்டு சுற்று கூடுதலாகவே ஒட்டினாள்.

பழைய லிவரிலும் அதே திருகு இருந்தது.