இலைக்கோவா விதை அடையாளங்காண் குழுவின் மூன்று மாதச் சாதனை

விஞ்ஞானம் எத்தனையோ பெரிய கேள்விகளுக்கு விடை கண்டிருக்கிறது. ஆனால், கடுகு எது, முட்டைக்கோசு இனத்துக் கீரையான இலைக்கோவாவின் விதை எது என்ற கேள்வியை மூன்று மாதம் விடாமல் துரத்திய பெருமை கல்முனையிலுள்ள எங்கள் இலைமரக்கறி மேம்பாட்டுப் பணியகத்துக்கே உரியது. குழுவின் செயலாளர் என்ற வகையில் இதைத் தன்னடக்கத்தோடு எழுதுகிறேன்.

தை மாதம் வீட்டுத்தோட்டக்காரருக்குக் கொடுக்கவென்று ஒரு போத்தல் இலைக்கோவா விதை வந்தது. மாரி ஈரத்தில் அதன் லேபல் கழன்றது. அதே தட்டில் எங்கள் குசினிக் கடுகுப் போத்தலும் லேபலில்லாமல் இருந்தது. இரண்டிலும் சின்னச் சின்னக் கறுப்பு உருண்டைகள். உடனே தவிசாளர் ஆதம்பாவா தலைமையில் குழு கூடியது.

விதைக்காக முதல் ஆளாய் வந்து நின்றவள் சுஹறா. மாவடிப்பள்ளியிலிருந்து ஆட்டோவில் மாட்டெரு ஏற்றி வந்து, தனியாளாய் நாலு பாத்தி கட்டி வைத்திருந்தாள்.

“ரெண்டு போத்தல்லயும் ஒரு சிட்டிகை மண்ணுல போடுங்க சேர். மூணு கிழமையில இலையே சொல்லும்” என்றாள்.

தவிசாளர் சிரித்தார். “அடையாளம் காணாத விதைய மண்ணுல போட ஏலா புள்ள. மேலிடத்துச் சுற்றுநிருபம் இரிக்கி.”

“பனி இருக்கக்குள்ள போடணும் சேர். மறுகா வெயில் ஏறினா கோவா வராது.”

“வெயில் எங்கட அதிகாரத்துக்குள்ள வராது.”

இந்த இடத்தில்தான் கோப்பு எழுதும் இலிகிதர் தேவராசாவின் மேதைமை வெளிப்பட்டது. “எண்ணையில போட்டுப் பாப்பம் சேர். வெடிச்சாக் கடுகு.”

அடுப்பில் தாச்சி ஏறியது. முதல் போத்தல் விதை வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. விஞ்ஞானத்தில் ஒரு தடவை போதாது. ஆகவே ஒவ்வொரு புதனும் ‘தாளிப்புப் பரிசோதனை’ நடந்தது. எண்ணெயை வீணாக்கக் கூடாது என்பதால் பருப்பும் சேர்த்தோம். பருப்பை வீணாக்கக் கூடாது என்பதால் சோறும் சேர்த்தோம்.

ஒவ்வொரு புதனும் சுஹறா வாசலில் வந்து நின்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சோறு ஆறிவிடும்.

சித்திரையில் இறுதி அறிக்கையை எழுந்து நின்று வாசித்தேன். “இரண்டு போத்தல்களில் ஒன்றில் இருந்தது நிச்சயமாக இலைக்கோவா விதையே என்று குழு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.” எல்லோரும் கைதட்டினார்கள். சுஹறா தட்டவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது.

“அப்ப வெதை?”

“பரிசோதனையில முடிஞ்சிட்டு புள்ள” என்றார் தவிசாளர்.

அவள் தவிசாளரின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தேவராசாவின் வயிற்றையும் பார்த்தாள்.

“எண்ட பாத்தியில புல்லுத்தான் முளைச்சிரிக்கி சேர். கோவாவ எங்க நட்டீங்கண்டு இப்பதான் வெளங்குது. நல்ல எருப் போட்ட மண்.”

பயனாளியின் கருத்தையும் பதிய வேண்டும் என்பது விதி. எழுதக் குனிந்தேன். என் சட்டையின் வயிற்றுப் பொத்தான் தெறித்து, மேசையிலிருந்த போத்தலொன்றில் பட்டு, ‘டங்’ என்றது. இரண்டு போத்தல்களும் காலியாக இருந்தன.