துண்டுக்குள் ஒரு பரீட்சை

"மூளைத் திறன் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொண்டு வாங்க. அப்புறம் சீட்டைப் பத்திப் பேசலாம்" என்றார் பிரின்சிபால், கைக்குட்டையால் வாயை மூடியபடி. பிரின்சிபாலம்மாவுக்கு ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் குப்புராஜ்.

காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர் அவர். நான்கு வயது காவியா அவர் தோளில் உட்கார்ந்தே சந்தை பழகியவள். இன்டர்வியூவுக்குப் பெற்றோரை உள்ளே விடவில்லை. பிள்ளையோடு பள்ளிக்கூட ஆயா நஞ்சம்மாள்தான் போனாள். ஐந்தே நிமிடத்தில் இந்த டெஸ்ட் வந்து விழுந்தது. மகளாவது படித்து, ஆபீஸில் ஃபேன் காற்றில் உட்கார வேண்டும் என்பது குப்புராஜின் ஒரே ஆசை. அது எல்.கே.ஜி. வாசலிலேயே நின்றுபோனதில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

தருமபுரியில் டாக்டர் வெண்மதி ஐந்து பந்துகளை மேஜையில் வைத்து, "எத்தனை இருக்கு?" என்றார்.

காவியா வாயைத் திறக்கவில்லை. டாக்டரின் துப்பட்டாவுக்குள் கையை விட்டு அவர் விரல்களைத் துழாவினாள். டாக்டர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, "எண்ணத் தெரியலை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி சுகுணா பிடித்துக்கொண்டாள். "துண்டப் போட்டு வெரலப் புடிச்சு வெல பேசறது உங்களோட போவட்டும்ங்க. புள்ளைக்குமா பழக்குவீங்க?"

"தொகைய வாய் விட்டுச் சொன்னா யாவாரம் கெட்டுரும்னு ஒரு நா சொன்னேன். அதயே புடிச்சுக்கிச்சு."

சுகுணா மகள் பக்கம் திரும்பினாள். "பாப்பா, இனிமே அங்க சந்தைப் பேச்சே எடுக்கக் கூடாது. மாடுங்கற வார்த்தையே வரக் கூடாது, ஆமா."

அடுத்த முறை டாக்டர் மாட்டுப் படத்தை நீட்டினார்.

"இது என்ன கண்ணு?"

"சொல்ல மாட்டேன்."

"மாடு தெரியலை" என்று எழுதினார் டாக்டர். சந்தையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு மாடு தெரியவில்லையாம். குப்புராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. "சாமி, தெரிஞ்சதெல்லாம் பேசும்மா" என்று மகளிடம் கெஞ்சினார்.

மூன்றாம் முறையும் அதே படம்.

"மாடு" என்றாள் காவியா. "எத்தனாவது ஈத்து? நேரத்துக்கு எத்தன லிட்டர் கறக்கும்? ஒதைக்குமா?"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். "கேள்விக்கு பதில் கேள்வி கேக்குறா" என்று மறுபடி பேனாவை எடுத்தார்.

இனி மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. குப்புராஜ் எழுந்து போய்த் தன் தோள் துண்டை டாக்டரின் கைமேல் போட்டார். "நான் மாட்டுத் தரகருங்க. இப்பக் கேளுங்கம்மா."

"ஏழு பந்தோட ரெண்டு பந்து சேர்த்தா?"

துண்டுக்குள் சின்னக் கை ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. விட்டுவிட்டு மறுபடி நாலைப் பிடித்தது. டாக்டர் சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வயதுக்கு மிஞ்சிய அறிவு என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார்.

பிரின்சிபால் அதை இரண்டு தடவை படித்தார். கைக்குட்டை இன்னும் வாயில்தான் இருந்தது. மறுபேச்சில்லாமல் சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

குப்புராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் நின்ற ஆயாவிடம், "எம்புள்ளயப் போயி மக்குன்னு நெனச்சுட்டாங்களே" என்றார்.

"மக்குன்னு யாருங்க சொன்னா?" என்றாள் நஞ்சம்மாள். "அன்னிக்கு உங்க பாப்பா பிரின்சிபாலம்மாவ வாயத் தொறக்கச் சொல்லி எட்டிப் பாத்துட்டு, 'பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு, கெழடு. எங்கப்பா வாங்க மாட்டாரு'ன்னு சொல்லிச்சு. அதுக்குத்தாங்க டெஸ்ட்டு."