வில்மோர் ஊர் ஆடு

ஆட்டின் தலை கையோடு வந்துவிட்டது.

தூசி தட்டத்தான் பாஸ்கர் துணியை எடுத்தார். மஸ்கட்டின் அந்தப் பெரிய மாலின் நடுக்கூடத்தில், நீரூற்றின் மேல் கொம்பும் தாடியுமாய்க் கம்பீரமாக நின்றிருந்த ஆடு ஒரே துடைப்பில் முண்டமாகிப் போனது.

"ஜெபா! டேய் ஜெபா!"

தச்சு மேஸ்திரி ஜெபசீலன் ரொட்டி அடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். குளச்சல்காரன். இடி விழுந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

"தலைய என்னத்துக்கு சாரே கையில வச்சிருக்கீரு?"

"நான் எங்கய்யா வச்சேன்? அதுவா வந்துருச்சு!"

"தெர்மக்கோல்தானே. ஒட்டிரலாம். வெப்ராளப்படாதேயும்."

பதறாமல் இருக்க பாஸ்கரால் முடியவில்லை. காரணம் இருந்தது. குளிர்காலத் திருவிழாவுக்காக அந்த மாலில் ஒரு பிரெஞ்சுக் குக்கிராமத்தை அப்படியே கட்டி நிறுத்தும் வேலை, ரூவியில் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வந்திருந்தது. ஊரின் பெயர் வில்மோர். மொத்த ஜனத்தையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனால் பழம்பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பெண்கள் கூடித் துணி துவைத்த கல் மண்டபம், ஊர் ரொட்டி முழுக்க வெந்த பொது அடுப்பு, ஒற்றை முள் கடிகாரம் வைத்த கோபுரம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆடு. பஞ்ச காலத்தில் ஓர் ஆடு குளம்பால் மண்ணைக் கிளறி ஊற்றுக்கண்ணைக் காட்டியதாம். நன்றி மறக்காத ஜனங்கள் அதற்குக் கல்லில் சிலை வைத்து, தண்ணீர் அதன் வாய் வழியாகவே விழும்படி செய்துவிட்டார்கள்.

இதையெல்லாம் தெர்மக்கோலிலும் பிளைவுட்டிலும் செய்து முடித்தாயிற்று. மாலையில் திறப்பு விழா. அதற்கு வில்மோர் மேயரே விமானம் ஏறி வந்து இறங்கியிருந்தார்.

"ஊர்ல எவன் என்ன சொன்னாலும் கவலை இல்ல பாஸ்கர்," என்று காலையில்தான் மேனேஜர் செய்கு முகம்மது சொல்லியிருந்தார். "அந்த மேயர் வாயிலருந்து 'எங்க ஊரு மாதிரி இல்லியே'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, கலாஸ். அர்பாப் நம்ம ரெண்டு பேரையும் ஊருக்கு மூட்டை கட்டிருவாரு."

அர்பாப் என்றால் முதலாளி. பாஸ்கரின் விசா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். மகள் சம்யுக்தா பிளஸ் டூ. இப்போது திருச்சிக்குத் திரும்பினால் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது. மனைவி ஜெயபாரதி என்ன சொல்வாள் என்பதை நினைக்கவே அவருக்குத் தெம்பில்லை.

ஜெபசீலன் பசை எடுத்து வரும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் கதவுக்குப் போட்டது போக மீதியிருந்த பசை டப்பாவை எடுத்துக் கழுத்தில் தாராளமாகப் பூசித் தலையை வைத்து அழுத்தினார்.

ஏதோ பொரிவது போல ஒரு சத்தம். தாடி சுருங்கியது. அடுத்து மூக்கு உள்வாங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டின் முகம் ஐஸ்கிரீம் மாதிரி உருகி வழிந்தது.

"என்னய்யா இது!"

"அது தெர்மக்கோலைத் தின்னுற பசையில்லா," என்றான் ஜெபசீலன், அப்போதுதான் வந்து சேர்ந்து. "நான் வர்றதுக்குள்ள உமக்கு என்ன அவசரம்?"

"இப்ப என்னடா பண்றது? ஆட்டுக்கு எங்க போறது?"

"குடோன்ல ஆடு இல்ல. ஒட்டகம் கிடக்கு."

"ஒட்டகமா?"

"நேஷனல் டேக்குச் செஞ்சது. ஃபைபர். தலைய மட்டும் அறுத்து, ரெண்டு கொம்பு வச்சு, தாடி ஒட்டினா ஆடுதான். யாரு சாரே உத்துப் பாக்கப்போறா?"

"மேயர் பாப்பாருடா!"

ஆனால் வேறு வழியில்லை. பிக்கப் வண்டி குடோனுக்குப் போய் வந்தது. ஒட்டகத்தின் தலை அறுபட்டது. பிளம்பிங் பைப்பை வளைத்துக் கொம்பு வைத்தார்கள். சணல் கயிற்றைப் பிரித்துத் தாடி கட்டினார்கள். சாம்பல் பெயின்ட் அடித்ததும் ஜெபசீலன் இரண்டடி தள்ளி நின்று ரசித்தான். பாஸ்கரும் பார்த்தார். கொம்பு முளைத்த ஒட்டகம் ஒன்று, கீழுதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சகல ஜனங்களையும் இளக்காரமாகப் பார்த்தது.

"இந்த உதட்டை மறைக்க முடியாதா?"

"தண்ணி விழுந்தா தெரியாது."

மோட்டாரைப் போட்டார்கள். ஒட்டகத்தின் வாய் ஆட்டின் வாயைவிடப் பெரிது. பழைய ஆடு மெல்லச் சொரிந்த இடத்தில் இது காறித் துப்பியது. தண்ணீர் தொட்டியைத் தாண்டி, துவைக்கும் மண்டபத்தையும் தாண்டி, ரொட்டி அடுப்புக்குள் போய் விழுந்தது. வாசனைக்காக உள்ளே அடுக்கியிருந்த அத்தனை ரொட்டியும் ஊறிக் களியாயிற்று.

"நிறுத்து! நிறுத்துடா!"

வால்வைத் திருகித் திருகி ஒருவழியாகச் சொட்டு நீருக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது உதடு பளிச்சென்று தெரிந்தது. எச்சில் ஒழுகுவது போல வேறு இருந்தது.

பாஸ்கர் தலையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. துவைக்கும் மண்டபம் என்றால் துணி காயத்தானே வேண்டும்? குறுக்கே ஒரு கொடி கட்டி நாலு துணி போட்டால் ஆடு பாதி மறைந்துவிடும்.

"ஜெபா, சீக்கிரம்! பழைய காலத்து வெள்ளைத் துணி, லேஸ் வச்சது, எங்கயாவது பிடிச்சுக் கொண்டா!"

ஜெபசீலன், "யல்லா, இதோ வந்துட்டேன்," என்று ஓடினான். பாஸ்கர் ஊறிய ரொட்டியை வாளியில் அள்ளிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கொடி நிறையத் துணி ஆடிக்கொண்டிருந்தது. பச்சைக் கட்டம், நீலக் கட்டம், ஊதாக் கட்டம்.

"கைலியாடா?"

"நம்ம லேபர் கேம்ப்ல வேற என்ன இருக்கும்? எல்லாம் துவைச்சதுதான். கார்மேகம் அண்ணன் உடுத்திருந்ததக்கூட அவுத்துக் குடுத்தாரு."

"அவுறுடா எல்லாத்தையும்!"

அவன் கொடிக்குக் கை நீட்டவும் கண்ணாடிக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. செய்கு முகம்மது கோட்டும் டையுமாக நுழைந்தார். பின்னால் மொழிபெயர்ப்புக்கு வந்த மாஹிரா. மஸ்கட்டிலேயே பிறந்து வளர்ந்து பிரெஞ்சு படித்த காயல்பட்டினத்துப் பெண். அவளுக்குப் பக்கத்தில், மூவண்ணப் பட்டையை மார்பின் குறுக்கே அணிந்த சிவந்த முகத்து மனிதர். மேயர்.

"சார் கொஞ்சம் சீக்கிரமே பாக்கணும்னாங்க," என்றார் செய்கு முகம்மது. அவர் கண் கைலிகளின் மேல் விழுந்தது. முகம் வெளிறிப் போனது.

மேயர் அசையாமல் நின்றார். ஏசி குளிர் எலும்பைக் குத்தியது. அவருக்கோ நெற்றியில் வியர்வை. கோபுரத்தைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் ஊரின் அசல் படங்களை ஒட்டியிருந்த பலகையிடம் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ஒரு படம், திரும்பி நிஜம். மறுபடி படம், மறுபடி நிஜம்.

"போச்சு," என்று பாஸ்கர் கிசுகிசுத்தார். "ஒப்பிட்டுப் பாக்குறாருடா."

"பலகையத் தூக்கிரட்டா?"

"தூக்கு!"

மேயர் ஆட்டின் படத்துக்கு வருவதற்குள் ஜெபசீலன், "ஸாரி சார், க்ளீனிங்," என்று சொல்லிப் பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டான். மேயர் திகைத்துப் போனார். காலிச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாக நீரூற்றை நோக்கி நடந்தார்.

மேயர் கைலியை விலக்கினார். ஆட்டோடு நேருக்கு நேர் நின்றார். ஆட்டின் உதட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

ஏதோ சொன்னார்.

"ரொம்ப... ரொம்பத் தத்ரூபமா இருக்காம்," என்றாள் மாஹிரா.

பாஸ்கருக்குக் காது சுட்டது. இது குத்தல். படித்த மனிதர்களின் குத்தல் இப்படித்தான் இருக்கும். மேயர் ஒரு கைலியின் நுனியைத் தொட்டு இன்னொரு வாக்கியம் சொன்னார்.

"எங்க ஊர்த் துணி அப்படியே இருக்குங்கிறார், அங்கிள்."

"பாத்தியாடா ஜெபா? வச்சு செய்றாரு. மேடையில மைக்கைப் பிடிச்சதும் கிழிக்கப் போறாரு."

"ஓய், நல்லாத்தானே சொல்லுதாரு?"

"ஒட்டகத்தைப் பாத்து ஆடுன்னு எவனாவது சொல்வானா?"

சமாளிக்க எண்ணி, பாஸ்கர் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, மேயரின் சொந்த வீடு இதில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்கச் சொன்னார். மாஹிரா கேட்டாள். மேயரின் கை கோபுரத்தைக் காட்டியது. உடனே அடுப்பின் பக்கம் திரும்பியது. கடைசியில் லிஃப்டைக் காட்டி நின்றது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"மனுஷன் மனசு உடைஞ்சு போயிட்டாரு," என்றார் பாஸ்கர். "சொந்த வீட்டைக்கூட அடையாளம் தெரியாத மாதிரி கட்டி வச்சிருக்கோம்."

மாலையில் கூட்டம் கூடியது. அர்பாப் வெள்ளைத் திஷ்டாஷா அங்கியில் முதல் வரிசையில் அமர்ந்தார். ஜெயபாரதியும் சம்யுக்தாவும் வந்து கை அசைத்தார்கள். கையசைக்க பாஸ்கருக்குக் கை எழவில்லை. செய்கு முகம்மது உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

மேயர் மைக்கைப் பிடித்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. நீண்ட நேரம் ஆட்டையே பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் எதையோ சொல்லி முடித்தார்.

"இங்க நின்னப்போ," என்று மாஹிரா ஆங்கிலத்தில் சொன்னதை ஜெபசீலனுக்கு யாரோ தமிழில் சொன்னார்கள், "எங்க ஊர்ல நிக்கிற மாதிரியே இருந்துச்சாம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அர்பாப் எழுந்து வந்து மேயரைத் தழுவினார். பிறகு பாஸ்கரையும் தழுவினார். "மாஷா அல்லாஹ், பாஸ்கர்! அடுத்த வருஷமும் நீதான்!" செய்கு முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாஸ்கருக்கு மட்டும் சந்தோஷம் இறங்கவில்லை. ஒரு நல்ல மனிதர், தன் ஊரின் பெருமையை ஒட்டகமாகவும் கைலியாகவும் பார்த்துவிட்டு, ஏழை வேலைக்காரர்கள் பிழைத்துப் போகட்டுமென்று பொய் சொல்லியிருக்கிறார். நெஞ்சை அறுத்தது. கூட்டம் போட்டோ எடுக்கக் கலைந்த நேரம் பார்த்து, மேயரையும் மாஹிராவையும் அடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"மாஹிரா, அப்படியே சொல்லும்மா. அது ஆடு இல்ல, ஒட்டகம். அசல் தலைய நான்தான் உருக்கிட்டேன். அந்தத் துணியெல்லாம் எங்க கேம்ப் கைலி. படத்தை வேணும்னுதான் தூக்குனோம். அவரு பெருந்தன்மையா எங்களக் காப்பாத்திட்டாரு. ஆனா அவரு ஊரை நான் அவமானப்படுத்திட்டேன். மன்னிக்கணும்னு சொல்லு."

மாஹிரா சொன்னாள். மேயரின் வாய் திறந்தது. ஒட்டகம் என்ற சொல் வந்ததும் எட்டிப் பார்த்து ஆட்டை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து, பெரிய மூச்சு ஒன்றை விட்டு, பாஸ்கரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். படபடவென்று பேசினார். பேசப் பேச அவர் கண்ணில் நீர் கோத்தது. இடையில் யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

மாஹிரா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றாரு? கோவமா?"

"இல்ல அங்கிள்... வில்மோர்ங்கிற பேர்ல பிரான்ஸ்ல ரெண்டு ஊர் இருக்காம், இன்விடேஷன் தப்பா இவருக்குப் போயிருச்சாம், ஆட்டை இவரே இன்னைக்குத்தான் முதல்முதல்ல பாக்குறாராம், தயவுசெஞ்சு அர்பாப்கிட்ட சொல்லிடாதீங்கங்கிறார்!"