ஆயிரம் வாட் மன்னிப்பு

வீட்டிலிருந்த எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, மெயினையும் இறக்கிவிட்டு வந்த பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இயற்பியல் வாத்தியார் மாடிப்படிக்குக் கீழே குனிந்து நின்று அதையே பார்த்தார். பழைய மரப்பலகையில் இரண்டு மீட்டர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றின் மேல் ‘கீழ் வீடு’, மற்றதன் மேல் ‘மேல் வீடு’ என்று பெயின்டில் எழுதியிருந்தது. கீழ் வீடு அவருடையது. போன தடவை பில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்ததிலிருந்தே அவருக்கு மனசு உறுத்தல்.

“ஏங்க, புழுக்கம் தாங்கல. ஏசியைப் போட்டுக்கட்டுமா?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

“எதையும் தொடாதே. இப்பத்தான் பிடிபடுது.”

மேல் வீட்டு மீட்டரில் கரண்ட் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. ஆனால் மாடியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்டது. கீழ் வீட்டு மீட்டரிலோ வோல்டேஜ் இருநூற்று முப்பது. கொஞ்சம் கரண்ட் நிற்காமல் ஓடியது. அதற்கு மேல் ஒரு பெரிய கரண்ட் அவ்வப்போது ஏறிச் சற்று நேரத்தில் இறங்கியது. அந்த ஏற்றம் மட்டும் நாலு புள்ளி மூன்று ஐந்து ஆம்பியர்.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். வோல்டேஜைக் கரண்டால் பெருக்கினால் பவர், ஆயிரம் வாட். வகுத்தால் மின்தடை, ஐம்பத்து மூன்று ஓம். சூடேறியதும் தானே அணைந்து, ஆறியதும் தானே உயிர்பெறுகிற ஆயிரம் வாட் சாமான் வேறென்ன?

“இஸ்திரிப் பெட்டி,” என்றார்.

“நம்மளோடது பரண்மேல இல்ல கிடக்கு?” என்றாள் மனைவி, முந்தானையால் விசிறிக்கொண்டே வெளியே வந்து.

“நம்மளோடதுன்னு யாரு சொன்னா?”

மாடியில் இருந்தவள் ஒரு தையல்காரம்மா. அதிர்ந்து பேசாதவள். அவளா இப்படி என்று வாத்தியாருக்கு நம்ப முடியவில்லை. சோதித்துப் பார்க்காமல் பழி சொல்லக்கூடாது என்று, கீழ் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினார்.

தையல் மெஷின் நின்றது. அதோடு மாடியில் எதுவோ விடாமல் கூவத் தொடங்கியது. தையல்காரம்மா படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

“சார், உங்களுக்கும் கரண்ட் போயிடுச்சா? அவருக்கு மூச்சுக்கு வச்சிருக்கிற மெஷின் நின்னுபோச்சு சார்.”

வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பினார். ஃபியூஸை மறுபடி சொருகுவதற்குள் அது இரண்டு முறை நழுவியது. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். கட்டிலில் அவள் கணவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். மெஷின் மெதுவாக மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. மூலையில் பாதி தேய்த்த ரவிக்கை, பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. அதைத் திருப்பிப் பார்த்தார். ஆயிரம் வாட் என்று பொறித்திருந்தது.

கணக்கு அச்சு மாறாமல் சரியாக இருந்தது. பெட்டியை இருந்த இடத்திலேயே மெல்ல வைத்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேம்மா,” என்றார்.

“எதை சார்?”

“கரண்டை. எங்க மீட்டர்லேர்ந்து எடுக்கறீங்க. இவர் இருக்கிற நிலைமையில நான் தப்பா எடுத்துக்கல. புகாரும் பண்ணப் போறதில்ல.”

தையல்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “நான் யாரோட லைனையும் தொட்டதில்ல சார்.”

“சரி, விடுங்க. நான் மன்னிச்சாச்சு.”

கீழே வந்து மனைவியிடம் சொன்னார். யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்றும் சொன்னார். மனைவி எதிர்வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னாள், அதுவும் கணவரின் பெருந்தன்மையைப் பற்றித்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அந்தப் பெருந்தன்மை பரவிவிட்டது. தைக்கக் கொடுத்த துணியை இரண்டு பேர் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதைக் கேள்விப்பட்டு வாத்தியார் வருந்தினார். பரிகாரமாகத் தெருவில் நின்று, “பாவம், வேற வழியில்லாமதான் எடுத்தாங்க. யாரும் எதுவும் சொல்லாதீங்க,” என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மிச்சப் பேரும் அதோடு நம்பிவிட்டார்கள்.

மறுநாள் தையல்காரம்மா தானே மின்சார அலுவலகத்துக்குப் போய் லைன்மேனைக் கையோடு அழைத்து வந்தாள். அழுது வீங்கிய கண்கள். ஆனால் குரலில் பிசிறில்லை.

“என் பேர்ல திருட்டுப் பட்டம் இருக்கக்கூடாது. நல்லாப் பாருங்க. அவருக்கு சிலிண்டர் மாட்டிட்டுத்தான் வந்திருக்கேன். கரண்ட் நின்னாலும் பரவாயில்ல.”

வாத்தியார் லைன்மேனைத் தனியே இழுத்தார். “கேஸ் கீஸ்னு எதுவும் வேணாம்பா. வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார். அந்தச் செலவு என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்.”

“நீங்க நல்ல மனுஷன் சார். ஆனா கூப்பிட்டுட்டாங்களே, பார்த்துத்தான் ஆகணும்,” என்றார் லைன்மேன். “மேல் வீட்டு ஃபியூஸைக் கழட்டறேன். அப்பவும் மாடியில கரண்ட் இருந்தா, வேற லைன்லேர்ந்து வருதுன்னு அர்த்தம்.”

தையல்காரம்மா மாடிக்குப் போய் மெஷினை ஓட்டினாள். லைன்மேன், ‘மேல் வீடு’ என்று எழுதியிருந்த மீட்டரின் ஃபியூஸை உருவினார்.

மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது.

லைன்மேன் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். தான் சொன்னது சரியாகப் போனதற்காக ஒரு மனிதன் இவ்வளவு வேதனைப்பட முடியும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. மேலே மெஷின் நின்றது. தையல்காரம்மா படியின் பாதிவரை இறங்கி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அழாதீங்கம்மா,” என்றார் வாத்தியார். “நான் கடைசிவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.”

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி கழுத்து வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

“ஏங்க, மேல் வீட்டு ஃபியூஸைக் கழட்டினா நம்ம ஏசி நின்னுபோச்சே, அப்ப இத்தனை வருஷமா நம்ம பில்லைக் கட்டிட்டு வந்தது இவங்களா?”