கைதட்டினால் சுற்றும் தேர்

செங்குவடு என்றொரு நாடு உண்டு. அதை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். படம் வரைகிறவர்கள் வந்த நேரத்தில் அந்த நாட்டு அதிகாரிகள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். சில மலைகளும் அவற்றுக்கு நடுவே அடி தெரியாத பள்ளங்களும்தான் நாடு. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பெண் கொடுத்தால் அவளைப் போய்ப் பார்த்துவர நடைவழி கிடையாது. அதனால் அங்கே ஆகாயத் தேர்கள் ஓடின.

தேரைக் காற்று தூக்கியது, ஒரு பித்தளைப் பாவை ஓட்டியது. முன்பு மனிதர்கள்தான் ஓட்டினார்கள். அவர்கள் சம்பளம் கேட்டார்கள், இடி இடித்தால் வரமாட்டோம் என்றார்கள். பாவைக்கு வாய் கிடையாது, காது மட்டும் உண்டு. அதன் காதருகே ஒரு சங்கு இருக்கும். அதற்கு இணையான சங்கு தேர் இறங்கும் திடலில் இருக்கும். ஒன்றில் எழும் ஓசை மற்றதில் அப்படியே கேட்கும். திடல்காரர் ஒரு தட்டு கைதட்டினால் தேர் இடப்பக்கம் திரும்பும். இரண்டு தட்டினால் வலப்பக்கம். விடாமல் தட்டினால், 'திடல் காலியில்லை, இறங்காமல் அங்கேயே சுற்று' என்று பொருள். யாரும் தட்டாவிட்டால் தேர் தன் வழியே போய் இறங்கிவிடும். பாவையின் அறைக்குத் தடித்த தேக்குச் சுவர் இருந்ததால், பயணிகள் போடும் எந்தச் சத்தமும் அதற்குக் கேட்டதில்லை.

மன்னர் கீர்த்திவளவர் பட்டத்துக்கு வந்ததும் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரும் குறை கண்டார். மக்கள் வானத்தில் போகும் நேரமெல்லாம் அவருடைய உரையைக் கேட்காமலே கழிகிறது. பயணிகளுக்கென்று தனியாக இன்னொரு சங்கு வைக்கலாம் என்றார்கள் தச்சர்கள். ஆகாயத்துறை அமைச்சர் பேரின்பநாதர் சிரித்தார்.

"இருக்கின்ற சங்கு எதற்கு? திடல் சங்குகளில் மன்னர் உரை ஒலிக்கட்டும், சுவரில் ஒரு துளையிட்டால் போதுமே. பாவையும் மன்னர் உரையைக் கேட்டுப் பயன்பெறட்டும்."

எல்லாத் தேர்களிலும் துளை போட்டார்கள். மன்னரின் குரல் கேட்டால் கைதட்ட வேண்டும், முதலில் நிறுத்துகிறவருக்குச் சிறை என்பது அங்கே ஏற்கெனவே சட்டம். ஆகவே வானத்திலும் மக்கள் தட்டினார்கள். அன்றிலிருந்து தேர்கள் தாமதமாக வந்து சேர்ந்தன. உரை நீண்ட நாட்களில் இன்னும் தாமதம். காற்று சரியில்லை என்று அமைச்சகம் அறிவித்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் தையல்நாயகி என்ற கல்யாணத் தரகர். கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவேயில்லை. மடியில் ஜாதகக் கட்டோடு போய்க்கொண்டிருந்தபோது மூக்கருகே ஒரு கொசு பறந்தது. இரு கையையும் சேர்த்து ஒரு அடி அடித்தார். தேர் இடப்பக்கம் சாய்ந்தது. தப்பிய கொசுவை அடுத்தடுத்து இரண்டு அடி அடித்தார். தேர் வலப்பக்கம் சாய்ந்தது. கொசுவை விட்டுவிட்டு வெறும் காற்றில் தட்டிப் பார்த்தார், எதிரே இருந்தவர் வாந்தி எடுக்கும்வரை. இறங்கியதும் நேரே அமைச்சரிடம் போய் நின்றார்.

"அய்யா, உங்க தேரு கொசு அடிச்சா திரும்புதுங்க. நான் அடிச்சது கொசுதான். நாளைக்கு எவனாச்சும் வேணும்னே தட்டுனா மலையில கொண்டுபோயி மோதிருமே. அந்த ஓட்டைய அடைச்சிருங்க. ஒரு பலகை இருந்தாப் போதும்."

"அம்மையே, நமது தேர்களை எந்தச் சக்தியாலும் திசைதிருப்ப முடியாது என்று மன்னரே தமது உரையில் கூறியிருக்கிறார்."

"அந்த உரைக்குக் கைதட்டப் போயித்தாங்க தேரு அரை நாளு சுத்துச்சு."

அமைச்சர் ஆழ்ந்து யோசித்தார். துளையை அடைத்தால் மன்னர் உரை கேட்காது. கைதட்ட வேண்டாம் என்றால் ராஜத் துரோகம். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்ததில், தையல்நாயகியைக் கைது செய்வதே தேர்களுக்குப் பாதுகாப்பு என்று தெரிந்தது. தேர் கடத்த முயன்றதாக வழக்குப் போட்டார்கள்.

பிறகு ஆணைகள் வந்தன. கொசுக்கள் அந்நிய நாட்டுக் கைக்கூலிகள் என்றும், அவற்றோடு எந்தப் பயணியும் கையால் தொடர்பு வைக்கக் கூடாது என்றும் முதல் ஆணை. மக்கள் கடி வாங்கிக்கொண்டு போனார்கள், காய்ச்சலோடு இறங்கினார்கள். தேர் எங்கே இறங்குகிறதோ அதுவே பயணி போக விரும்பிய ஊர் என்பது அடுத்த ஆணை. வைத்தியரைப் பார்க்கப் புறப்பட்டவர்கள் கல்குவாரியில் இறங்கினார்கள். ஒரு மாப்பிள்ளை முன்பின் தெரியாத பந்தலில் உட்காரவைக்கப்பட்டார். தட்டினால் திரும்பும் என்பது இதற்குள் வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மிளகு ஏற்றிய தேர்கள் எல்லாம் அமைச்சருடைய மச்சான் தோட்டத்திலேயே இறங்கின. காற்று அப்படி என்றார் மச்சான்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு தேர் கரட்டுமலையில் மோதியது. யார் தட்டினார்கள், எதற்குத் தட்டினார்கள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை எழுதவே கை கூசுகிறது. அமைச்சகம் மலையின் மீது வழக்குப் போட்டது.

ஊரில் முணுமுணுப்பு எழுந்ததால், தாமே பறந்து காட்டுவது என்று மன்னர் முடிவு செய்தார். கரட்டுமலை வரை போய்த் தலைநகர்த் திடலுக்கே திரும்புவதாக ஏற்பாடு. கைதியும் கூட வருவாள். வழியில் தேர் திரும்பினால் அவள் கடத்தல்காரி, திரும்பாவிட்டால் பொய் சொன்னவள். இரண்டுக்கும் தண்டனை தூக்கு. பறக்கும்போதும் மக்களின் ஆரவாரம் தமக்குக் கேட்க வேண்டும் என்று மன்னர் விரும்பியதால், திடலில் இருந்த சங்கைக் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தார்கள்.

முந்தின நாள் தையல்நாயகியின் கணவர் மாசானம் சிறைக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கொசுவே இல்லைன்னு சொல்லிரு புள்ள. வீட்டுக்குப் போயிரலாம்."

"கடி வாங்குனவ நானு. இல்லைன்னு எப்படிச் சொல்ல? அழாம கேளுங்க. நாளைக்குக் கீழ நின்னு எல்லாரும் தட்டுனா நான் மேலயே சுத்திக்கிட்டுக் கெடப்பேன். நிறுத்துனா எறங்கிருவேன். எறங்குனா மத்தத நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் தேர் கிளம்பியது. தையல்நாயகியின் கைகளைக் கட்டி ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தார்கள். மன்னர் உரையைத் தொடங்கினார். தேருக்குள் அமைச்சர்கள் தட்டினார்கள், கீழே திடல் முழுக்கத் தட்டியது. தேர் கரட்டுமலைப் பக்கமே போகாமல் திடலுக்கு மேலே சுற்ற ஆரம்பித்தது.

"ஏன் சுற்றுகிறோம்?" என்று மன்னர் கேட்டார்.

"நாம் சுற்றவில்லை மன்னா, நாடு தங்களைச் சுற்றி வருகிறது" என்றார் பேரின்பநாதர்.

உரை முடிந்தது. தட்டித் தட்டி அமைச்சர்களின் கைகள் பணியாரமாக வீங்கிவிட்டதால் அவர்கள் ஓய்ந்தார்கள். கீழே யாரும் ஓயவில்லை. முதலில் நிறுத்துகிறவர் யார்? மன்னருக்குத் தலை சுற்றியது. சங்கு வழியே "நிறுத்துங்கள்!" என்று கத்தினார். மன்னரின் குரல் கேட்டதும் மக்கள் சட்டப்படி இன்னும் பலமாகத் தட்டினார்கள். கரட்டுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி இறங்கினால் பித்தளைப் பாவை முதலில் போகும், பிறகு தேர்.

மாசானம் தட்டிக்கொண்டே மேலே பார்த்தார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஜன்னல் வந்து போனது. மின்னல் வெட்டியபோது அவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற காவலன் பார்த்துவிட்டான். "ஏன்யா, கைக்கு என்ன?"

"கைக்கு ஒண்ணுமில்ல. எம் பொண்டாட்டி எறங்கணும்."

காவலன் தடியை ஓங்கினான். ஓங்கியபோது அவனும் தட்டுவதை நிறுத்தியிருந்தான். காவலனே நிறுத்திவிட்டான், இனி நிறுத்தலாம் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். கொஞ்ச நேரத்தில் திடலில் ஒரு கைகூட அசையவில்லை. அப்படி ஓர் அமைதியை அந்த நாட்டுப் பிள்ளைகள் கேட்டதேயில்லை.

தேர் இறங்கியது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போதே தையல்நாயகி கட்டிய கைகளோடு குதித்தார். மாசானத்தின் மேலேயே விழுந்தார். இருவரும் சேற்றில் உருண்டார்கள். யாரோ கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

மன்னர் வாசலுக்கு வந்து ஒரு காலை வெளியே வைத்தார். பேரின்பநாதர் கூட்டத்தைப் பார்த்தார். மன்னர் இறங்குகிறார், ஒருவரும் தட்டவில்லை. இதற்கு யார் பதில் சொல்வது என்று அவருக்கு வியர்த்துவிட்டது.

"மன்னர் இறங்குகிறார்! எங்கே கைதட்டல்? இது அரசாணை!"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. தட்டினால் என்ன ஆகும், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் இப்போதுதான் கண்ணால் பார்த்திருந்தார்கள். செங்குவட்டு மக்கள் ஓர் ஆணையை மனதார நிறைவேற்றியது அன்றுதான். மன்னர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். தேர் மேலே போனது.

மழை விட்டபோது பார்த்தார்கள், தேர் பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றும் சுற்றுகிறது. சாப்பாடு பட்டத்தில் கட்டிப் போகிறது. சங்கை உடைத்துவிட்டு இறங்கலாம் என்று ஓர் அமைச்சர் யோசனை சொன்னாராம். உடைத்தால் நமது உரை எவருக்கும் கேட்காதே என்று மன்னர் மறுத்துவிட்டாராம். மற்றத் தேர்களின் துளைகளை மக்களே பலகை அடித்து மூடினார்கள். அவை இப்போது வேறு திடல்களில் நேரத்துக்கு வந்து இறங்குகின்றன. தலைநகர்த் திடலில் ஊருக்கு ஒரு முறை வைத்து மாறி மாறித் தட்டுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் முறை தவறாதவர்களா என்று தையல்நாயகி விசாரித்த பிறகே சம்பந்தம் பேசுகிறார்.

போன மாதம் ஒரு வெளிநாட்டு வியாபாரி திடலுக்கு வந்தார். பகலும் இரவும் ஓயாத கைதட்டலைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க ராஜா மேல இவ்வளவு பாசமா?"

"ஆமாங்க, எறங்கிரக் கூடாதேன்னுதான்" என்று சொல்லிவிட்டு, தையல்நாயகி ஜாதகக் கட்டைக் கீழே வைத்துத் தன் முறைக்குத் தட்டத் தொடங்கினார்.