பைக்குள் இருந்த வெள்ளிக் கவசம்

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளும் வந்த உடனே பாவிக்கப்படுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் அவமானத்துக்கு நான் தனியாளாகப் பொறுப்பில்லை என்று காட்ட வேறு சாட்சி என்னிடம் இல்லை. கனடாவில் இருந்து பெரியப்பா அனுப்பிய சாப்பாட்டுக் கோப்பைகள், கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தபடி நாங்கள் அலுமினியத் தட்டில் சாப்பிடுவதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. தொலைக்காட்சி ரிமோட்டின் பொலித்தீன் உறையைக் கழற்றுமுன் தொலைக்காட்சியே பழுதாகிப்போனது. எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை. பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, "ஒரு நல்ல நாளைக்கு" என்று வைத்திருந்தார். என் பட்டமளிப்பு விழா வந்தது. வெயிலில் நிறம் மங்கும் என்றார். சித்தியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மழை வரும்போலக் கிடக்கு என்றார். எதுதான் நல்ல நாள் என்று கேட்டால், வரும்போது தெரியும் என்பார்.

நான் கணிதம் படித்தவன். பட்டம் பெற்று ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். (அரசாங்க நியமனம் வரும், வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது என்னைத் தவிர எல்லோரிடமும் கதைத்ததுபோல இருந்தது.) அந்த நாட்களில்தான் ஒரு பழைய கணினி ஆட்டத்தில் விழுந்தேன். நான் பிறப்பதற்கு முன்னே ஜப்பானில் செய்தது. சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டியதுபோல ஒரு கதாநாயகன். அவன் ஊர் ஊராக நடந்து, குகைகளுக்குள் போய், அரக்கர்களோடு முறைவைத்துச் சண்டை பிடிக்க வேண்டும். நீ ஒரு அடி, நான் ஒரு அடி. ஒவ்வொரு வெற்றிக்கும் அனுபவம் கூடும், அனுபவம் கூடக் கூட அவன் ஒவ்வொரு படியாக உயர்ந்து பலசாலியாவான். அவனுக்கு ரமணன் என்று என் பெயரையே வைத்திருந்தேன்.

ஆட்டத்தை அப்படியே விளையாடி முடித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் இணையத்தில் சிலர் அதை ஒரு சவாலாக விளையாடினார்கள். முதலாம் படியிலேயே நின்று, ஒரு படிகூட உயராமல், கடைசி அரக்கனைக் கொல்ல வேண்டும். வழியில் வரும் சண்டையில் எல்லாம் ஓடித் தப்ப வேண்டும். ஓடித் தப்புவதில் எனக்கு அப்போது நல்ல பயிற்சி இருந்தது. "தம்பி இப்ப என்ன செய்யிறார்" என்று கேட்பவர்களிடம் இருந்து ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

பலமில்லாதவன் வெல்ல வேண்டுமென்றால் அடியின் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு கொப்பி எடுத்தேன். ரமணனை வேண்டுமென்றே அடி வாங்க விட்டு, ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு உயிர்ப்புள்ளி குறைகிறது என்று எழுதினேன். கவசத்தை மாற்றி மாற்றிப் போட்டு மறுபடியும் எழுதினேன். (கொப்பியும் கையுமாக இருந்த என்னைப் பார்த்து, தம்பி சோதனைக்குப் படிக்கிறான் என்று அம்மா கோயிலில் சொல்லிவிட்டு வந்தார்.) மூன்று கிழமையில் விதி பிடிபட்டது. எதிரியின் பலத்தில் இருந்து நம் காப்பைக் கழித்தால் வருவது சேதம். அதோடு அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் பூச்சியமோ ஒன்றோ இரண்டோ கூடும். அவ்வளவுதான்.

அதைவிட அழகான இன்னொரு விதியும் இருந்தது. கழித்து வருவது பூச்சியத்துக்குக் கீழே போனால், அதிர்ஷ்டத்தையும் சேர்க்காமல் ஆட்டம் அதை ஒன்று என்றுதான் எடுக்கும். எவ்வளவு நோஞ்சான் அடித்தாலும் எவ்வளவு பெரிய அரக்கனுக்கும் ஒன்று குறையும். நியமனம் இல்லாத ஒரு பட்டதாரிக்கு இதைவிட ஆறுதலான செய்தி அந்த வருடம் வேறு எதுவும் வரவில்லை.

கடைசி அரக்கனுக்கு நான் கொம்பன் என்று பெயர் வைத்திருந்தேன். அவனுக்குப் பலம் நூற்று முப்பது, உயிர்ப்புள்ளி நாற்பது. ரமணனுக்கு உயிர்ப்புள்ளி நாற்பத்தெட்டு. கவசம் இல்லாமல், கேடயத்தோடு மட்டும் சேர்த்துக் காப்பு இருபத்தாறு. அந்த நிலையில் கொம்பனின் ஒரே அடியில் ரமணன் முடிந்தான். ஆனால் மிகத் தொலைவான குகையொன்றில், எத்தனையோ தரம் ஓடித் தப்பி, ஒரு வெள்ளிக் கவசம் எடுத்தேன். அதன் காப்பு தொண்ணூறு. இப்போது காப்பு நூற்றுப் பதினாறு. கொம்பன் அடித்தால் பதினாறுக்கு மேல் குறையாது. முதலில் இரண்டு அடி கொடுக்கலாம். பிறகு ஒரு முறை மருந்து குடித்து உயிரை நிரப்புவது, அடுத்த முறை அடிப்பது. ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. மொத்தம் நாற்பது அடி, முப்பத்தெட்டுப் போத்தல் மருந்து, எழுபத்தெட்டு முறையில் கொம்பன் காலி. மருந்து நாற்பது போத்தல் சேர்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாஸ்டர் கூப்பிட்டார். தெல்லிப்பழைப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கல்வி நிலையம் நடத்தியவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் சொல்லும். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கச் சனிக்கிழமைக் காலை நேரம் ஒன்று இருக்கிறது என்றார். எங்கள் பக்கத்தில் புது ஆசிரியரின் முதல் இரண்டு வகுப்பும் இலவசம். பிள்ளைகள் வந்து ருசி பார்த்துவிட்டு, பிடித்தால் நிற்பார்கள், பிடிக்காவிட்டால் வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். மாஸ்டரின் நிபந்தனை எளியது. இரண்டாம் வகுப்பு முடியும்போது வாங்குகளில் உட்கார்ந்தபடி இருபது தலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரம் விஞ்ஞான ஆசிரியருக்கு. எனக்கு அந்தச் சனிக்கிழமைக் காலை வேண்டும். வேண்டும் என்றால், அதற்கு முன்னும் பின்னும் எதையும் அப்படி விரும்பியதில்லை.

முதல் பாடம் சமனிலிகள். எல்லோரும் படிப்பிப்பதுபோலப் படிப்பித்தால் நான் யார்? எறிவிளக்கால் ஆட்டத்தைத் திரையில் போட்டு, கொம்பனை வைத்தே சமனிலி படிப்பிப்பது என்று முடிவெடுத்தேன். மடிக்கணினியோடு போனபோது நாற்பத்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். சுவரெல்லாம் என் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மாஸ்டர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே சைக்கிளோடு நின்ற சில அப்பாமாரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மணித்தியாலம் பலகையில் நிறுவினேன். சும்மா இல்லை, அவ்வளவு நன்றாக. ரமணனின் பையைத் திரையில் திறந்து, வெள்ளிக் கவசத்தைக் காட்டி, "காப்பு தொண்ணூறு, எல்லாரும் எழுதுங்கோ" என்றேன். எல்லோரும் எழுதினார்கள். ஒரு மாணவன் எழும்பி, இதைச் செய்து பார்த்தீர்களா சேர் என்று கேட்டான். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தலையணைக்குள் முகத்தைப் புதைக்கத் தோன்றுகிறது.) முன்னைய ஆறு கவசத்துக்கும் விதி சரியாக வந்தது, ஏழாவதுக்கு மட்டும் ஏன் பிழைக்கப்போகிறது, நிறுவிய ஒன்றைப் பரிசோதிப்பது கணிதத்தை அவமதிப்பது என்று சொன்னேன். இதையும் சிலர் கொப்பியில் எழுதினார்கள்.

பிறகு கொம்பனின் கதவைத் திறந்தேன். ரமணன் முதல் அடி கொடுத்தான். ஒன்று குறைந்தது. வகுப்பு கைதட்டியது. கொம்பன் கையை ஓங்கினான்.

நூற்று நான்கு.

திரை சிவந்து, கறுத்து, நடுவில் வெள்ளை எழுத்தில் ரமணன் இறந்துவிட்டான் என்று வந்தது. ஆங்கிலத்தில் வந்தாலும் என் பெயரைப் படிக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. ஒரு மணித்தியால நிறுவலுக்கு ஒரே அடிதான் பதில். நான் பலகையைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். மறுபடியும் பலகையைப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. தகரக் கூரையில் ஒரு காகம் நடக்கும் சத்தம் கேட்டது.

முன் வாங்கில் இருந்த சங்கவி என்ற பிள்ளைதான் கையை உயர்த்தினாள். கெட்டிக்காரி, மரியாதையான பிள்ளை. குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சேர், அந்தக் கவசத்தைப் போட்டனீங்களோ, இல்லாட்டி பைக்குள்ளையோ வைச்சிருக்கிறியள்? அவன்ரை சட்டை இன்னும் மண்ணிறமாய்த்தான் கிடக்கு."

கவசத்தை எடுத்த அன்றே போட்டிருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. ஆனால் எடுத்தபோது என் மனது என்ன சொன்னது தெரியுமா? இவ்வளவு நல்ல சாமானை இப்பவே ஏன் போட்டுப் பழசாக்குவான், கொம்பனிட்டைப் போற அண்டைக்குப் போடுவம் என்றது. அந்த ஆட்டத்தில் கவசம் பழசாகாது. தேயாது, நிறம் மங்காது, மழையில் நனையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மடித்துப் பையில் வைத்தேன், அந்த நாள் வந்தபோது போட மறந்தும்போனேன். பூச்சி உருண்டை போட வசதி இல்லாததுதான் குறை.

பொய் சொல்ல ஏதாவது தேடினேன். நாற்பத்து மூன்று முகங்களுக்கு முன்னால் ஒன்றும் அகப்படவில்லை.

"போடேல்லை," என்றேன். "நல்ல நாளைக்கு எண்டு வைச்சனான்."

அவர்கள் சிரித்த சிரிப்பு வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலையத்துக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் அப்படி ஒரு அலுமாரி இருந்ததுதான் காரணம் என்று இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. அன்று எனக்கு அழுகைதான் வந்தது. மாஸ்டர் நோட்டீஸில் இருந்த என் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போக முன்னமே செய்தி போய்விட்டது. அம்மா சோற்றைப் போட்டார். நான்தான் சொன்னேன், எல்லாம் உங்களாலைதான் எண்டு. பிள்ளை வளர்ப்பு, கண்ணாடி அலுமாரி, பொலித்தீன் உறை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மொத்தம் எத்தனை பிள்ளையள் வேணும் என்று மட்டும் கேட்டார். இருபது என்றேன்.

அடுத்த சனிக்கிழமை. மூன்று வருடமாகப் பெட்டியோடு கிடந்த, பெரியப்பா அனுப்பிய நீலச் சட்டையைப் பெட்டி உடைத்துப் போட்டுக்கொண்டு போனேன். மடிப்பில் குத்தியிருந்த ஊசி ஒன்று முதுகில் இருந்ததைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டேன். எண்ணினேன். பத்தொன்பது. இன்னொரு தரம் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் பத்தொன்பதுதான்.

வந்தவர்களுக்காவது ஒழுங்காகச் செய்வோம் என்று தொடங்கினேன். கவசம் போட்டதை சங்கவி இரண்டு தரம் திரையில் காட்டச் சொன்னாள். ரமணன் வெள்ளியாக மினுங்கினான். கொம்பன் அடித்தான். பதினைந்து. வகுப்பு மூச்சு விட்டது. அடி, மருந்து, அடி, மருந்து என்று பிள்ளைகள் ஒன்றாகச் சத்தம்போட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

முப்பதாவது முறை அளவில் கொட்டகைக்குள் பூச்சி உருண்டை மணத்தது. திரும்பினேன். கடைசி வாங்கில், மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா இருந்தார். சேலையில் மடித்த தடம் குறுக்காகவும் நெடுக்காகவும் அப்படியே தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்து, பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு மருந்துப் போத்தலைக் குடிக்க மறக்கப் பார்த்தேன். சங்கவிதான் ஞாபகப்படுத்தினாள்.

எழுபத்தெட்டாவது முறையில் கொம்பன் விழுந்தான். முன்னுமில்லை, பின்னுமில்லை. பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்றார்கள். அந்த ஆரவாரத்துக்குள் மாஸ்டர் பென்சிலும் வரவு இடாப்புமாக வந்து வரிசை வரிசையாக எண்ணினார். பத்தொன்பதில் பென்சில் கொஞ்சம் நின்றது. கடைசி வாங்கை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவேயில்லை.

"பிள்ளை, கொப்பி கொண்டு வரேல்லையோ?"

"அடுத்த கிழமை கொண்டு வாறன், சேர்," என்றார் அம்மா.

"இருபது," என்று சொல்லி மாஸ்டர் எழுதிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமைக் காலை இன்றுவரை என்னுடையது. அடுத்த மாதம் வாங்குகள் போதவில்லை, கவசத்தைப் பைக்குள் வைத்த சேரைப் பார்க்க வேறு ஊர்களில் இருந்தும் வந்தார்கள். எங்கள் வீட்டில் யாராவது சோதனைக்கோ நேர்முகத்துக்கோ வெளிக்கிட்டால், சுகமாய்ப் போய்ட்டு வா என்று சொல்வதில்லை. "போட்டாச்சோ, பைக்குள்ளையோ?" என்றுதான் கேட்பார்கள். என் கல்யாணத்தன்று தாலியை எடுக்கக் கை நீட்டியபோது, பின்னால் இருந்து என் பழைய மாணவர்கள் இதையே கேட்டார்கள். மனைவி அன்று தொடங்கிய சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று வகுப்பு முடிந்து, அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சேலை சில்லுக்குள் சிக்காமல் ஒரு கையால் அள்ளிப் பிடித்திருந்தார். வெயில் கொளுத்தியது, நிறம் மங்கும் என்று அவர் சொல்லவில்லை. மகனுக்கு ஒரு பாராட்டு வரும் என்று எதிர்பார்த்து மெதுவாக மிதித்தேன். கோயிலடி தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, நாற்பதிலை முப்பத்தெட்டுத்தானே முடிஞ்சது. மற்ற ரெண்டு போத்தலையும் கவனமாய் வை. பிறகு தேவைப்படும்."

பிறகு மூன்று கணினி மாற்றிவிட்டேன். ஆட்டத்தில் கொல்ல இனி ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவை மறக்காமல் புதுக் கணினிக்கு மாற்றிக்கொள்கிறேன். ரமணனின் பைக்குள் அந்த இரண்டு போத்தலும் பத்திரமாக இருக்கின்றன.